தாந்தேயின் படகு: கேட்டீர்கள், சொல்கிறேன்

பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் ‘தாந்தேயின் படகு’ ஓவியத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: படகில் இருப்பவர்கள் யார் சார்?

சிவப்பு முக்காடு போட்டு, ஒரு கையைத் தூக்கியபடி தடுமாறுகிறவர் இத்தாலியக் கவி தாந்தே. அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பவர், நரகத்தில் வழிகாட்டியாக வரும் பழைய ரோமானியக் கவி வர்ஜில். முதுகைக் காட்டித் துடுப்போடு மல்லுக்கட்டுகிறவன் படகோட்டி ஃபிளேகியாஸ். நரகப் பயணத்தைச் சொல்லும் தாந்தேயின் ‘இன்ஃபெர்னோ’ காவியத்தின் 8ஆம் காண்டத்தில் வரும் காட்சி இது. பின்னால் எரிவது நரகத்துக்குள் இருக்கும் தீஸ் நகரம். நரகத்து ஆறான ஸ்டிக்ஸின் சேற்றில் கிடப்பவர்கள் கோபத்தால் கெட்டவர்கள். ஒருவன் படகின் விளிம்பையே பல்லால் கடித்துத் தொங்குகிறான், பாருங்கள்.

கேள்வி: ‘மெதூசாவின் தெப்பம்’ ஓவியத்தின் சாயல் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். கப்பல் உடைந்து தெப்பத்தில் தவித்தவர்களைக் காட்டும் அந்தப் படத்தை ஓவியர் ஜெரிகோ வரைந்தபோது குப்புறக் கிடக்கும் ஓர் உருவத்துக்கு மாடலாக இருந்ததே டெலக்ருவாதான்.

கேள்வி: தண்ணீர்த் துளிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நான் இந்தப் படத்தில் மறுபடி மறுபடி போய் நிற்கிற இடம் அது. முன்னால் கிடக்கும் ஈர உடல்களில் உருளும் துளிகளைக் கிட்டத்தில் பார்த்தால் துளியே இருக்காது. பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று தனித்தனித் தீற்றல்கள்தான் இருக்கும். தட்டில் குழைத்து ஒன்றாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டடி பின்னால் வந்தால் நம் கண் அவற்றைச் சேர்த்து, நீர் மினுங்குகிறது. முந்தைய காலத்து ஓவியர் ரூபன்ஸ் வரைந்த, பிரான்ஸ் அரசி மரி தெ மெதிசி மார்செய் துறைமுகத்தில் இறங்கும் ஓவியத்தின் நீர்த்தேவதைகளைப் பார்த்துக் கற்றது இது. வண்ணத்தில் தன் பயணம் இந்தத் துளிகளில்தான் தொடங்கியது என்று பின்னாளில் தன் சீடர் ஆந்த்ரியூவிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: அந்தக் காலத்தில் வரவேற்பு எப்படி?

பாரிஸில் நடக்கும் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில், 1822இல் அவர் வைத்த முதல் ஓவியம் இது. வயது 24. இரண்டரை மாதம் இரவு பகல் பாராமல் உழைத்தார். விமர்சகர் தெலெக்லூஸ் வெறும் கிறுக்கல் என்று ஒதுக்கினார். மூத்த ஓவியர் குரோ மெச்சினார். அப்புறம், அரசாங்கமே 2,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டது.

கேள்வி: என்னிடம் இருக்கும் சின்னப் பிரிண்டில் துளி எதுவும் தெரியவில்லையே?

தெரியாதுங்க. மூலம் கிட்டத்தட்ட 2.4 மீட்டர் அகலம். லூவர் அருங்காட்சியகத்தின் தளத்தில் படத்தைத் திறந்து, முன்னால் கிடப்பவர்களின் உடலைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வெள்ளைப் புள்ளி கண்ணில் படும். அதன் ஓரத்தில் பச்சையைத் தேடுங்கள்.