கரண்ட் போய் வந்தாலே தேதி 2009க்குப் போய்விடுகிறது, பயாஸில் கை வைக்கலாமா?

வைக்கலாம். பயாஸ் என்பது விண்டோஸ் எழும்புவதற்கு முன்னாலேயே ஓடி கொம்பியூட்டரைத் தயார்படுத்தும் அடிப்படை அமைப்பு. அதில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் எடுக்காமல் விட்டு அனுபவித்தவன்.

நீங்கள் சொல்வது இதுதானே: பண்டாரவளையில் வீடு, பழைய டெஸ்க்டொப், இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைக்கிறீர்கள், மறுநாள் போட்டால் தேதி 2009 ஜனவரி 1, எந்த இணையதளமும் திறப்பதில்லை, கடைக்காரர் மதர்போர்ட் போய்விட்டது என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. போன மதர்போர்ட் தேதியை மட்டும் மறந்துவிட்டு மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்காது.

மதர்போர்ட் என்கிற அந்தப் பெரிய மின்பலகையில் காசு மாதிரி வட்டமாக ஒரு பெட்டரி இருக்கும். அகலம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2, அதனால்தான் அதன் பெயர் சிஆர் 2032. 3 வோல்ட். பிளக் சுவரில் மாட்டியிருக்கும் வரைக்கும், கொம்பியூட்டரை நிறுத்தி வைத்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வந்து உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டும், பெட்டரிக்கு அவ்வளவாக வேலை இல்லை. பிளக்கைக் கழற்றினால் முழுப் பொறுப்பும் பெட்டரி தலையில். நம் பக்கத்தில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் வானம் இருட்டிக்கொண்டு இடிக்கும், கழற்றாமல் இருக்க முடியாது. அதனால் நம் வீட்டுப் பெட்டரி சீக்கிரம் தீரும், தீர்ந்த அன்றைக்கே காட்டியும் கொடுத்துவிடும். பிளக்கையே கழற்றாதவர்களுக்குப் பெட்டரி செத்தது வருஷக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம்.

இணையதளம் திறக்காததும் இதனால்தான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. உங்கள் கொம்பியூட்டர் 2009இல் உட்கார்ந்துகொண்டு இன்றைய சான்றிதழைப் பார்த்தால், இது இன்னும் தொடங்கவே இல்லையே என்று மறுத்துவிடும்.

சரி, என் கதை. ஹட்டனில் ஒரு சின்ன டைப்பிங், போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரத்தில் ஒரு நாள் கரண்ட் வந்ததும் கொம்பியூட்டரைப் போட்டேன். விண்டோஸ் சின்னம் வந்தது, உடனே நீலத்திரை, திரும்பவும் தானே அணைந்து எரிந்தது, திரும்பவும் நீலத்திரை. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிதாகப் போட்டு விண்டோஸ் ஏற்ற வேண்டும், பழையதில் இருப்பது கிடைக்காது என்றார்கள். உள்ளே பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், பிள்ளைகளின் பாட அலகு எல்லாம் இருந்தது. மனசு வராமல் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. பழைய பலகைகளில் கடிகாரத்தை மட்டுமல்ல, பயாஸில் நாம் மாற்றி வைத்ததையும் அந்தப் பெட்டரிதான் காத்து வைக்கும். அது செத்ததும் பயாஸ் தான் பிறந்தபோது இருந்த அமைப்புக்கே போய்விட்டது. அதில் சாட்டா மோட் என்று ஒரு வரி உண்டு, ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பது. விண்டோஸ் போட்ட தம்பி அந்தக் காலத்தில் அதை ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டுத்தான் போட்டிருக்கிறான், பலகையின் பிறவி அமைப்போ ஐடிஇ என்கிற பழைய முறை. விண்டோஸ் எழும்பி ஹார்ட் டிஸ்க்கைத் தேடுகிறது, தனக்குத் தெரிந்த வழியில் அது இல்லை, விழுந்துவிடுகிறது. நீலத்திரையின் அடியில் 7பி என்று முடிகிற கோட் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஒரு வரியைத் திருப்பி ஏஎச்சிஐ ஆக்கியதும் எழும்பிவிட்டது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் போனது, பழைய அமைப்பு எப்படி இருந்தது என்று என்னிடம் ஒரு படமும் இல்லையே!

ஆகவே உங்கள் வேலை இப்படி. போட்டதும் டெலிட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், சிலதில் எஃப் 10. வயர் இல்லாத கீபோர்ட் அந்த நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம், வயர் உள்ளதை மாட்டுங்கள். விண்டோஸ் 8க்குப் பிந்தியது, வேகமாக எழும்பிவிடுகிறது என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலும் உள்ளே போக வழி காட்டும், பழைய பலகைகளில் அந்த வழி இருக்காது. உள்ளே போனதும் படம் எடுங்கள். எல்லாப் பக்கமும். பார்ப்பதால் ஒன்றும் கெடாது, சேமிக்காமல் வெளியே வந்தால் முன்பு இருந்தபடியே இருக்கும். வோல்டேஜ் காட்டும் பக்கம் இருந்தால் அதில் பெட்டரியின் அளவையும் சில பலகைகள் காட்டும், 3க்கு நன்றாகக் கீழே இருந்தால் விஷயம் முடிந்தது. 12 வோல்ட் வரி 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் பவர் சப்ளையைப் பற்றியும் இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

அப்புறம் அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு பெட்டரியை மாற்றுங்கள். கூட்டல் குறி மேல்பக்கம். மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும், ஏமாந்து பெரிய காசு கொடுக்காதீர்கள். திரும்ப உள்ளே போய்த் தேதி, நேரம் வையுங்கள், எடுத்த படத்தோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பாருங்கள். இப்போது விண்டோஸ் ஒழுங்காக எழும்புவதால் சாட்டா வரியை இருக்கிறபடி விடுங்கள்.

உள்ளே போனதற்கு ஒன்றை மட்டும் மாற்றலாம். கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கும்: தானே எழும்பு, அணைந்தே இரு, பழையபடி இரு என்று மூன்று. நம் ஊரில் கரண்ட் வந்த முதல் நிமிடத்தில் பல்ப் மங்கிப் பிரகாசித்து ஒரு கூத்தாடும், அந்த நேரத்தில் கொம்பியூட்டர் தானாக எழும்புவது நல்லதில்லை. அணைந்தே இருக்கட்டும். கேமரா பதிவு செய்யும் மெஷின் என்றால் வேறு கதை.

தொடக்கூடாதது என்று பார்த்தால், சாட்டா மோட், விண்டோஸை எழுப்புவது லெகசி என்கிற பழைய முறையிலா யூஇஎஃப்ஐ என்கிற புது முறையிலா என்கிற வரி, பாஸ்வேர்ட். பயாஸை அப்டேட் செய்யச் சொல்லி யாராவது சொன்னால் யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் அப்போதுதான் உண்மையிலேயே மதர்போர்ட் போகும். பின்னாளில் புது மெஷின் வாங்கி அதில் செக்யூர் பூட், டிபிஎம் என்கிற பாதுகாப்பு வரிகளை மாற்றப்போனால், டிஸ்க்கில் பிட்லொக்கர் என்கிற விண்டோஸ் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மெஷின் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

கழற்றிய பெட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். விழுங்கிவிட்டால் செத்த பெட்டரியும் உணவுக்குழாயைச் சுட்டுவிடும், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.