ஆழியகத்தின் கதவு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒன்றரை வருடமாக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது ஆழியகம் என்ற நகரத்தில். 150 மீட்டர் ஆழத்தில், கடலுக்குள் மூழ்கிய ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. குவிமாடம் போன்ற பெரிய கவிகைக்குள் காற்று உண்டு, மனிதர்கள்தான் வாழ்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் போட்ட மறைப்பு மந்திரத்தால் வெளியார் கண்ணுக்கு நகரம் தெரியாது. நாயகிக்குப் பதினாறு வயது. மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா பறவைக்குப் பதிலா மீனைப் போட்ட சாதாரண ஊர் மாதிரி இருக்கு” என்கிறார்கள். அது உண்மை என்று எனக்கும் படுகிறது. எங்கே தவறினேன் என்றுதான் பிடிபடவில்லை. அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கவிகைக்கு மேலே நீல வெளிச்சம் மங்குவதை வைத்து அவள் பொழுது கணிக்கிறாளே, அந்தப் பத்தியில் ஆழியகம் உயிரோடு இருக்கிறது. மற்றப் பக்கங்களில் அது ஏன் காணாமல் போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அரசரின் மந்திரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரை மறைக்கும் வேலை முழுவதையும் அது எடுத்துக்கொண்டதால் கடலுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

மந்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள்: அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில். மற்றதையெல்லாம் கடலிடம் விட்டுவிடுங்கள்.

கதவிலிருந்து தொடங்கலாம். உங்கள் நகர வாயிலில் இரண்டு காவலர்கள் இரும்புக் கதவை இழுத்துத் திறக்கிறார்கள். 150 மீட்டர் ஆழத்தில் அது நடக்காது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உள்ளே தரைமட்டக் காற்று என்றால், அந்தக் கதவின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 150 டன் எடை உட்கார்ந்திருக்கும். நீர்மூழ்கிக் கப்பலைப் போல எல்லாப் பக்கமும் அடைத்து வாழலாம்தான். ஆனால் அப்படிப்பட்ட ஊரில் யாரும் சட்டென்று வெளியே நீந்திவிட்டுத் திரும்ப முடியாது, உங்கள் பெண் தினமும் அதைத்தான் செய்கிறாள்.

இன்னொரு வழி உண்டு. ஒரு குவளையைக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், உள்ளே காற்று நிற்கும். 1963இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழு செங்கடலில் 10 மீட்டர் ஆழத்தில் வீடு அமைத்து ஒரு மாதம் தங்கியது. அதன் வாசல் தரையில் இருந்த திறப்புதான். காற்றின் அழுத்தமும் நீரின் அழுத்தமும் சமம் என்பதால் நீர் மேலேறாது. 1965இல் அமெரிக்கக் கடற்படை கலிஃபோர்னியாவுக்கு அருகே இதையே சுமார் 62 மீட்டரில் செய்தது. ஸ்காட் கார்பென்டர் அங்கே 30 நாள் இருந்தார். விண்வெளிக்குப் போய்வந்தவர் கடலடியில் குடியிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

ஆழியகத்தின் கதவும் அப்படி ஒரு குளமாக இருக்கட்டும். ஊர் நடுவே, கறுப்பாக, அசையாமல். குதித்தால் கடல். யார் வேண்டுமானாலும் இறங்கலாம், தாழ்ப்பாள் கிடையாது. ஆனாலும் யாரும் தப்பிப் போக முடியாது. ஏனென்றால் அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் வாயு உடம்பின் திசுக்களில் கரைந்து நிறைந்துவிடுகிறது. வேகமாக மேலே வந்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழ்கள் உண்டாகி ஆளையே கொன்றுவிடும். இப்படி ஆழத்தில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும் முக்குளிப்பாளர்கள், ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நாள், மொத்தத்தில் கூடுதலாக இன்னும் ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் அறையில் காத்திருப்பார்கள். உங்கள் பெண்ணுக்கு ஆறு நாள். உடம்பு ஒருமுறை நிறைந்துவிட்டால், ஒரு வாரம் இருந்தவருக்கும் ஒரு மாதம் இருந்தவருக்கும் காத்திருப்பு ஒன்றுதான்.

இப்போது ஊரின் தனிமைக்கு மந்திரம் தேவைப்படுகிறதா? வெளியிலிருந்து வழிதவறி வந்து சில நாள் தங்கிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரை யாரும் சிறைப்பிடிக்கவில்லை. ஆனால் ஆறு நாள் அறையைத் திறந்துவிட ஊர் சம்மதித்தால்தான் அவர் உயிரோடு வீடு திரும்ப முடியும். அந்த அறையின் சாவியை வைத்திருப்பவர்தான் உங்கள் நாட்டின் உண்மையான அரசர். மூன்றாம் அத்தியாயத்தில் வரும் அரண்மனைச் சதியை விட இது எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது.

அப்புறம் மறைப்பு. இதற்கும் கடலே போதும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 150 மீட்டரில் மிஞ்சுவது உங்கள் பெண் பார்க்கும் அந்த மங்கிய நீலம் மட்டும். அங்கே நீல விளக்கு ஏற்றினால் தூரத்திலிருந்தே தெரியும். சிவப்பு விளக்கின் ஒளியோ கொஞ்ச தூரத்துக்குள் நீரில் கரைந்துவிடும். ஆழ்கடலில் பெரும்பாலான உயிர்களுக்குச் சிவப்பைப் பார்க்கும் கண்ணே கிடையாது. மலாக்கோஸ்டியஸ் என்றொரு மீன் கண்ணுக்குக் கீழே சிவப்பு வெளிச்சத்தைத் தானே உண்டாக்கி, தன் இரைக்குத் தெரியாமல் அதன் மீது விளக்கடிக்கிறது. ஆழியகத்தின் விளக்குகள் சிவப்பாக இருக்கட்டும். நீல விளக்கு வைத்திருப்பது அங்கே பெருங்குற்றம் என்றாகட்டும். அவள் ஒருநாள் ஒளித்து வைத்திருக்கும் பொருள் அதுவாக இருக்கலாம்.

உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மதிலைப் பற்றிச் சுருக்கமாக: எதிரி தலைக்கு மேலிருந்தும் நீந்தி வரக்கூடிய இடத்தில் மதிலுக்கு வேலை இல்லை. எடுத்துவிடுங்கள்.

ஊரைக் காட்டிக்கொடுப்பது ஒலியாகத்தான் இருக்கும். இங்கே கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் உங்கள் ஊரின் சட்டதிட்டங்கள் எல்லாம் இதிலிருந்தே முளைக்கும். நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் போவதை விட நான்கு மடங்குக்கும் மேல். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலுக்குள் வைத்த வெடிகளின் ஒலி, ஆழத்தில் உள்ள ஒலிப்பாதை வழியாகப் போய், ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் தள்ளி பெர்முடாவில் பதிவானது. முதல் அத்தியாயத்தில் விழா முரசு முழங்குகிறதே, பயப்பட வேண்டாம், அது இருக்கட்டும். காற்றில் எழும் ஒலியில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். ஆனால் பாறையில் ஒரு சுத்தியல் அடி விழுந்தால், அது பாறை வழியாக நேரே கடலுக்குள் இறங்கிவிடும். ஆகவே அந்த ஊரில் பாடலாம், கத்தலாம், முரசு கொட்டலாம், கல்லை மட்டும் தட்டக் கூடாது. முரசைக் கூடத் தரையில் வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுவார்கள். புது வீடு கட்டுவது அங்கே எவ்வளவு பெரிய காரியம்! கல்லை உடைக்க முடியாது, தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நடக்கப் பழகும் குழந்தையின் கையில் யாரும் கல்லோ இரும்போ கொடுக்க மாட்டார்கள். கோபம் வந்தால் தரையை உதைப்பது, அங்கே மிகக் கேவலமான வசவாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதும்போதுதான் தோன்றியது. நாம் சுவாசிக்கும் இதே காற்று 150 மீட்டர் அழுத்தத்தில் நஞ்சு. அதிலுள்ள ஆக்சிஜனே வலிப்பை வரவழைக்கும், நைட்ரஜன் புத்தியை மயக்கும். அதனால் ஆழத்தில் வேலை செய்பவர்கள் ஹீலியத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து சுவாசிக்கிறார்கள். அதில் பேசினால் குரல் மெலிந்து கீச்சென்று ஒலிக்கும். உங்கள் மந்திரம் உண்டாக்கும் காற்றும் அப்படிப்பட்டதாக இருந்தால், ஆழியகத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்தக் குரல்தான். தாலாட்டும் அந்தக் குரலில்தான். அவள் ஆறு நாள் அறைக்குள் இருக்கிறாள். வெளியே அம்மா கதவோடு ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். ஏழாம் நாள் காலையில் அறை கடல்மட்டத்துக்கு ஏறியதும் மேல்கதவு திறக்கிறது. அவள் முதல்முறையாக மேலுலகத்தின் காற்றை இழுத்து, “அம்மா” என்று கூப்பிடுகிறாள். கனத்த, தாழ்ந்த ஒரு குரல் கேட்கிறது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.