பரிசு கிடைத்தும் சிலருக்கு ஏன் சந்தோஷமே வருவதில்லை?

கேள்வி: ஒரே பரிசுக்கு ஒருவர் துள்ளிக் குதிக்கிறார், இன்னொருவருக்கு முகமே மாறுவதில்லை. இது குணமா, மூளையின் வேலையா?

என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் இருவரைப் பார்த்துத்தான் இதைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு, எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். 2023 கேரள ஓணம் பம்பர் லாட்டரியின் 25 கோடி விழுந்ததும் வாளையாரில் விற்ற சீட்டுக்குத்தான்; வாங்கியவர்கள் திருப்பூர்க்காரர்கள்.

எங்கள் மாமா தினமும் வாங்குவார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்க மாட்டார், தானே உருவி எடுக்க வேண்டும். மூன்று மணிக் குலுக்கலுக்கு முன்னால் அவர் முகத்தில் இருக்கும் வெளிச்சம், நூறு இருநூறு விழுந்த பிறகு இருக்காது. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகளைப் படித்தபோது மாமாதான் நினைவுக்கு வந்தார். பழகிய பிறகு டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை செல்கள் சாற்றுக்குத் துடிப்பதில்லை, சாறு வரப்போகிறது என்று சொல்லும் அடையாளத்துக்கே துடிக்கின்றன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. ஆக, மூளை கணக்குப் பார்ப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

கடைசி நான்கு எண்ணில் ஒன்று மட்டும் தப்பினால் மாமா மறுநாள் இரண்டு சீட்டு வாங்குவார். 2009இல் லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழு செய்த சூதாட்ட ஆய்வில், மயிரிழையில் தவறிய ஆட்டமும் ஜெயிக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளையே கிளப்பியது. தன் கையால் தேர்ந்தெடுத்து விளையாடியவர்களுக்கு அது கசந்தாலும், மறுபடி ஆடும் ஆசையைக் கூட்டியது.

அக்கா கதை வேறு. ஒருமுறை மாமா அவள் பேரில் எடுத்த சீட்டுக்கு 5,000 ரூபாய் விழுந்தது. "சரிங்க மாமா, அங்க வைங்க" என்றாள், அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் அழுத்தக்காரி என்றார்கள். நானும் சொன்னேன், இன்றும் அது உறுத்துகிறது. அவளுக்கு இருந்தது மனச்சோர்வு என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

மனச்சோர்வு உள்ளவர்களைப் பணப் பரிசு விளையாட்டில் வைத்து ஸ்கேன் செய்தால், மூளையின் நடு ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி சராசரியாகக் குறைவாகவே எழும்புகிறது. ஆனால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தால், அந்த இனிப்பை மற்றவர்கள் அளவுக்கே ரசித்தார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ரசிப்பது ஒன்று, வேண்டும் என்று தேடிப் போவது வேறொன்று. மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் பல வருடங்களாகச் சொல்லி வருவதும் இதைத்தான். அக்காவும் அப்படித்தான்: பாயசத்தைக் கையில் கொடுத்தால் விரும்பிக் குடிப்பாள், தானாக எழுந்து போய் ஊற்றிக்கொள்ள மாட்டாள். அவளிடம் குறைந்து போயிருந்தது அந்தத் தேடல்.

இதெல்லாம் கூட்டத்தின் சராசரிதான். ஒரே ஒருவரின் ஸ்கேனை வைத்து அவர் குணத்தை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒருவர், முன்பு ஆசைப்பட்ட எதிலும் வாரக்கணக்கில் நாட்டமில்லாமல் இருந்தால், தயவுசெய்து திமிர் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அக்கா ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சையில் இருந்தாள். போன ஐப்பசியில் அவளே போன் செய்து, "கல்பாத்தித் தேருக்குப் போலாமா?" என்று கேட்டாள்.