ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பிள்ளைகளைத் தகவல் பகிர்ந்து படிக்க வைப்பது எப்படி?

ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவதுதான் குழு வேலையாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜிக்சா முறையைப் பாருங்கள். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரான்சன் தொடங்கியது. ஆளுக்கொரு பகுதி மட்டுமே கையில் இருக்கும். பேசிக்கொள்ளாமல் முழுப் பாடம் கிடைக்காது.

உங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு, அங்கே நிலத்தடி நீரில் கூடுதலாக உள்ள ஃபுளோரைடை விட நல்ல தலைப்பு ஏது? நால்வர் குழுவில் ஒருவருக்குப் பாறையிலிருந்து அது நீரில் கரையும் விதம். இன்னொருவருக்குப் பல்லில் விழும் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும். அடுத்தவருக்குக் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு. நான்காமவருக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீக்கும் நல்கொண்டா முறை, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்.

ஒரே பகுதி கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் பேசட்டும். நேரமில்லை என்று இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தப்பெல்லாம் இங்கேதான் பிடிபடும். "காய்ச்சினா போயிடும்" என்று யாராவது சொல்லக்கூடும். உண்மையில் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடின் செறிவு கூடும்.

அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தரட்டும். தேர்வைத் தனித்தனியாகவே வையுங்கள். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றால் மறுபடி பழைய கதைதான்.