கிராணி வீட்டுச் சன்னல்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளில் கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் எட்டுப் பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி' என்ற அமெரிக்கக் குடும்பத் தொடரைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு மரியாதை, கடவுள் பயம், தப்பு செய்தால் மன்னிப்பு எல்லாம் அதில் இருந்தன. இன்றைய நெடுந்தொடர்களில் விஷம் வைப்பதும் சாபம் விடுவதும்தான். பேத்தியோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அந்த நல்ல குணங்கள் எங்கே போயின?

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள ஐயா,

நெடுந்தொடர் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதில் குணத்தைவிடக் கணக்குதான் பெரிது. வாரம் ஒருமுறை வந்த தொடர் ஒரு மணி நேரத்துக்குள் சண்டையைத் தீர்த்துவைத்துவிடும். தினமும் வருகிற தொடரில் மாமியாரும் மருமகளும் ராசியாகிவிட்டால் நாளைக்கு என்னத்தைக் காட்டுவது?

'எங்கே போயின' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். நீங்கள் சொல்லும் தொடர் அமெரிக்காவில் தொடங்கியது 1974இல். கதை நடப்பதோ 1870களில். அதற்கு மூலமான லாரா இங்கல்ஸ் வைல்டரின் புத்தகங்கள் வரத் தொடங்கியது 1930களில், அங்கே ஜனங்கள் வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில். அந்தத் திண்டாட்டக் காலத்தையே 1972இல் தொடங்கிய 'தி வால்டன்ஸ்' என்ற இன்னொரு தொடர் பாசத்தோடு திரும்பிப் பார்த்தது. ஆக, அவர்கள் தாத்தா காலத்துக்கு ஏங்கினார்கள், அடுத்து வந்தவர்கள் அவர்கள் காலத்துக்கு ஏங்கினார்கள். இப்போது நம் முறை. (இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸில் குடிசை போட்ட நிலம் ஒசேஜ் பழங்குடியினருடையது. அது இன்னொரு நாள் கதை.)

நானும் அந்தத் தொடரைப் பார்த்தவன்தான். பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. லயத்துப் பிள்ளைகளை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளை, உள்ளே விடமாட்டார்கள். மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரிலேயே வந்துவிட்டது; கிராணி வீட்டில் அப்புறமும் ரொம்ப நாளைக்குக் கறுப்பு வெள்ளைதான். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தை அண்ணன் படித்துச் சொல்வான், பாதியை அவனே கட்டிவிடுவான்.

எங்களை வாய்பிளக்க வைத்தது கடவுள் பயமில்லை. அந்த அப்பா மகள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறார். அடிக்கடி கண் கலங்குகிறார். எங்கள் லயத்தில் அப்படி ஓர் அப்பாவை நான் பார்த்ததில்லை. சம்பள நாளில் சம்சு சாராய வாடையோடு வந்தவர்களைத்தான் தெரியும். நீங்கள் தொலைந்துவிட்டதாகச் சொல்லும் அந்தக் குணம் எங்களிடம் அப்போதும் இல்லை, ஐயா. இல்லாததால்தான் கால் கடுக்க நின்று பார்த்தோம்.

ஒருநாள் எங்களைக் கூட்டிப்போக அப்பா வந்தார். திரையில் அந்தத் தொடரின் அப்பா சார்லஸ் அழுதுகொண்டிருந்தார். "ஆம்பள அழுவானா?" என்று சொல்லிவிட்டு அப்பா நகர்ந்துவிட்டார். வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். கதை முடிந்து நாங்கள் திரும்பியபோது, வேலியோரம் சன்னல் தெரிகிற இடத்தில் பீடியோடு நின்றிருந்தார்.