அநாதை இல்லங்கள் ஆரம்பத்திலிருந்தே குழந்தைகளைத் தத்துக் கொடுத்து வந்தனவா?

இல்லை. நான் கொஞ்சம் ஆழமாகப் படித்திருப்பது லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டலின் வரலாறு. (குழந்தைகள் இல்லம்தான், மருத்துவமனை இல்லை.) அங்கே ஏறக்குறைய 200 வருடங்களுக்குத் தத்து என்ற பேச்சே எழவில்லை. இன்னொன்று, அங்கே வந்த குழந்தைகளில் பலர் அநாதைகளும் இல்லை. அம்மா உயிரோடுதான் இருந்தாள். வளர்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

அதைத் தொடங்கியவர் தாமஸ் கோரம், ஒரு கப்பல் கேப்டன். லண்டன் தெருவோரங்களில் கைக்குழந்தைகள் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 17 வருடம் பெரிய மனிதர்களின் வீட்டு வாசல்களில் ஏறி இறங்கினார். இது தவறான உறவுக்கு ஊக்கம் கொடுப்பதாகிவிடும் என்று பலர் கைவிரித்தார்கள். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் 21 பேர் கையெழுத்துப் போட்ட பிறகே காரியம் நகர்ந்தது. 1739-ல் அரச சாசனம் கிடைத்தது, 1741-ல் இல்லம் திறந்தது. ஓரிரு வருடத்தில் கோரமையே நிர்வாகக் குழுவிலிருந்து ஓரங்கட்டிவிட்டார்கள். பொதுக் காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு இது புதிதா என்ன!

இடத்தைவிடக் குழந்தைகள் அதிகம் வந்ததால் குலுக்கல் வைத்தார்கள். தாய் ஒரு பைக்குள் கைவிட்டுப் பந்து எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம், நோய் இல்லாவிட்டால். சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். கறுப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். பிறகு நாடாளுமன்றம் பணம் கொடுத்து, 1756 முதல் 1760 வரை யார் வந்தாலும் சேர்த்தார்கள். சுமார் 15,000 குழந்தைகள் குவிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சேர்த்ததும் குழந்தைக்குப் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் தாய்மார்கள் அடையாளத்துக்கு ஒரு பொத்தானையோ, நாணயத்தையோ, துணித் துண்டையோ விட்டுப் போனார்கள். என்றைக்காவது திரும்பி வந்தால் அதை வைத்துத்தான் குழந்தையைக் கண்டுபிடிக்க முடியும். 1741 முதல் 1760 வரை சேர்ந்த 16,282 குழந்தைகளில் 152 பேரைத்தான் தாய்மார்கள் வந்து அழைத்துப் போனார்கள்.

தத்து என்று சொல்லத்தக்க ஒன்று நடந்தது என்றால், அது கிராமத்தில்தான். கைக்குழந்தைகளைச் சம்பளத்துக்குப் பால் கொடுக்கும் பெண்களிடம் அனுப்புவார்கள். ஐந்து வயதுவரை குழந்தைக்கு அவள்தான் அம்மா. அப்புறம் இல்லமே அவளிடமிருந்து பிரித்து லண்டனுக்கு அழைத்து வந்துவிடும். அங்கே சீருடை, மணி அடித்தால் சாப்பாடு. வளர்ந்ததும் பையன்கள் கப்பலுக்கோ தொழில் பழகவோ போனார்கள், பெண்கள் வீட்டு வேலைக்கு. வளர்த்தவளிடமே விட்டுவைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் அதற்குச் சட்டமே கிடையாது. முதல் தத்தெடுப்புச் சட்டம் 1926-ல்தான் வந்தது.

அதே வருடம் இல்லம் லண்டனை விட்டு வெளியேறியது. 1954-ல் குழந்தைகளை இல்லத்தில் தங்கவைத்து வளர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த அறக்கட்டளை இப்போதும் கோரம் என்ற பெயரில் இயங்குகிறது. குழந்தைகளுக்குத் தத்துக் குடும்பம் தேடிக் கொடுப்பது இன்று அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.