நீண்ட வாக்கியங்களைச் சுருக்குவது எப்படி?

“அலுவலகத்தில் நான் எழுதும் அறிக்கைகள் நீளமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். சுருக்கினால் புரியவில்லை, அல்லது கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். எதை வெட்டுவது, எதை விடுவது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். கூடவே தான் எழுதிய ஒரு வாக்கியத்தையும் அனுப்பியிருக்கிறார்:

“நமது நிறுவனத்தில் பணிபுரிந்து வருகின்ற அனைத்துப் பணியாளர்களுக்கும் தேவையான பயிற்சி வழங்கப்பட வேண்டும் என்பதைக் கருத்தில் கொண்டு, அதற்கான ஏற்பாடுகள் தற்போது செய்யப்பட்டு வருகின்றன என்பதைத் தங்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.”

இதில் எந்தச் சொல்லை எடுக்கலாம் என்று தேட ஆரம்பிக்காதீர்கள். முதலில் வினையைத் தேடுங்கள். யார், என்ன செய்கிறார்கள்? நாம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறோம். அவ்வளவுதான் செய்தி. அதை மட்டும் வைத்துத் திரும்ப எழுதினால்:

“பணியாளர்கள் அனைவருக்கும் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்து வருகிறோம்.”

24 சொற்கள் 7 ஆகிவிட்டன, செய்தி எதுவும் விடுபடவில்லை. ‘செய்து வருகிறோம்’ என்றாலே இப்போது நடப்பது தெரிகிறது, ‘தற்போது’ தேவையில்லை. பணியாளர்கள் என்றாலே பணிபுரிகிறவர்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் வினைமுற்றின் விகுதியே செய்தது யார் என்று காட்டிவிடும். ‘செய்கிறோம்’ என்பதில் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ அடங்கியிருக்கிறது. ‘செய்யப்படுகிறது’ என்று எழுதும்போது அந்த வசதியை நாமே இழக்கிறோம். பொறுப்பு யாருடையது என்பதும் மறைந்துபோகிறது. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அது முக்கியமில்லாதபோதும் செயப்பாட்டுவினை இருக்கட்டும். மற்ற இடங்களில் அதைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வினையைப் பெயராக்கி, அதற்கு வேறொரு வினையை ஒட்டவைப்பதும் இதே வகைதான். ‘சோதனை செய்யும் பணியில் ஈடுபட்டனர்’ என்றால் ‘சோதித்தனர்’. ‘ஆய்வினை மேற்கொண்டார்’ என்றால் ‘ஆராய்ந்தார்’. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடியும் வாக்கியத்தில் அந்த இரண்டு சொற்களை அப்படியே எடுத்துவிடலாம்.

சரி, சுருக்கினால் புரியவில்லை என்கிறார்களே? பெரும்பாலும் அங்கே பிரச்சினை நீளமில்லை, அடுக்கு. தமிழில் அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வரும். “கடந்த மாதம் வாங்கிய, இரண்டு முறை பழுதாகி, பழுது பார்த்த பின்பும் சரியாக இயங்காத அச்சு இயந்திரத்தை மாற்றித் தர வேண்டும்” என்று எழுதினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியும்வரை படிப்பவர் அத்தனையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கே சொல்லை வெட்ட வேண்டாம், வாக்கியத்தை உடையுங்கள்: “அச்சு இயந்திரத்தை மாற்றித் தர வேண்டும். போன மாதம்தான் வாங்கினோம். இரண்டு முறை பழுதானது. பழுது பார்த்த பின்பும் சரியாக இயங்கவில்லை.” சொற்கள் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஒரே வாசிப்பில் புரிகிறது.

நன்னூல் என்ற இலக்கண நூல், எழுத்தில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது மிகைபடக் கூறலுக்கு (தேவைக்கு மேல் சொல்வதற்கு) முன்பே குன்றக் கூறலை (சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதை) வைத்திருக்கிறது. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். ‘பெரும்பாலும்’, ‘சுமார்’, ‘சில கிளைகளில் மட்டும்’ போன்றவை பார்ப்பதற்கு வெட்டத் தோதானவை. வெட்டினால் வாக்கியம் பொய்யாகிவிடும். தேதி, தொகை, நிபந்தனை ஆகியவற்றிலும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், கடுமை. மரியாதையை வரிக்கு வரி தூவ வேண்டியதில்லை. கோரிக்கை வரும் இடத்தில் ஒருமுறை போதும். “அச்சு இயந்திரத்தை இந்த வாரத்துக்குள் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பதில் பணிவும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. ‘தங்களின் கனிவான கவனத்திற்கு’ என்ற தொடரை எடுத்துவிட்டதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.